இருநூற்றுப் பதினான்காம் கிலோமீட்டர்

முதலில் கவனித்தது மைத்தேன்தான்.
எங்கள் பெட்ரோல் பங்க் பின்னால் கிடக்கும்
மூன்று கால் நாய்
பிஸ்கட் போட்டும் திரும்பவில்லை.
ரயில் வராத தண்டவாளத்தில் உட்கார்ந்து
மேற்கையே பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் அதன் பக்கத்தில் பாதிரியாரின் நாய்.
அதற்கடுத்த நாள் பதினேழு.
வெள்ளிக்கிழமை எண்ணுவதை விட்டுவிட்டோம்.
பாசோ குவெர்வோவில் மனிதர்கள் நானூற்றுப் பத்து,
நாய்கள் அதைவிடக் கொஞ்சம் அதிகம் என்று
காற்றடிக்காத நாட்களில் சொல்வார்கள்.
படகோனியாவில் காற்றடிக்கும் நாட்களில்
யாரும் எதுவும் சொல்வதில்லை,
வாய் நிறைய மண்.

குரைப்பில்லை. சண்டையில்லை.
பொழுது சாயும்போது வந்து உட்காரும்,
இருட்டியதும் எழுந்து வீட்டுக்குப் போகும்,
ஷிப்ட் முடிந்தவர்களைப் போல.

மேயர் நிலநடுக்கம் என்றார்.
எண்ணெய்க் கம்பெனி ஆள் ஒருவன்
வண்டியை விட்டு இறங்காமலே
கிணறுகளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றான்.
நாங்கள் அவனைக் கேட்கவே இல்லை.

அந்த மாதம்தான் பள்ளியில் படிவம் கொடுத்தார்கள்.
கடைசி வகுப்பில் மொத்தம் ஆறு பேர்.
'அடுத்த ஆண்டு என்ன செய்ய உத்தேசம்?'
ஒன்றரை வரிக்கு இடம்.
எசெக்கியேல் 'துளையிடும் வேலை' என்று எழுதினான்,
அடித்தான், மறுபடி எழுதினான்.
அவன் அண்ணனுக்கு அங்கே போனது இரண்டு விரல்,
வந்தது ஒரு வெள்ளை பிக்கப் வண்டி.
மைத்தேன் படிவத்தைக் கப்பலாக மடித்தாள்.
கடலை அவள் பார்த்ததில்லை.

பன்னிரண்டாம் நாள் விடிந்தபோது
ஒரு நாய்கூட இல்லை.
கசாப்புக் கடை தோன் எலியாஸ்
கையில் ஈரல் துண்டோடு நடுத்தெருவில் நின்றார்.
நேக்ரா, நேக்ரித்தா, வாடி என் கண்ணே.
வீட்டுக்கு வீடு கதவு திறந்து
ஆளுக்கொரு பெயரைக் கூப்பிட்டார்கள்.
இத்தனை பேரிடம் இத்தனை மெல்லிய குரல் இருந்ததை
பதினேழு வருடமாக நாங்கள் கேட்டதில்லை.

எசெக்கியேலின் மோட்டார் சைக்கிளில் மூன்று பேர்.
அரை டாங்க், அப்பாவுக்குத் தெரியாமல் நான் பிடித்தது.
தண்டவாளத்தை ஒட்டியே தடங்கள்,
நூற்றுக்கணக்கில்,
அவசரமே இல்லாத தடங்கள்.
இருநூற்றுப் பதினான்காம் கிலோமீட்டர் கல்லருகே
நின்றுவிட்டன.
சிதறவில்லை. திரும்பவில்லை.
மணியடித்ததும் பேனாவைக் கீழே வைத்த மாதிரி
ஒரே கோட்டில்.
அப்பால் முட்புதர், வெள்ளை வானம், அவ்வளவுதான்.

மைத்தேன் கோட்டைத் தாண்டி ஒரு காலை வைத்தாள்.
"என்ன தெரியுது?"
"குளிருது."
அந்தக் காலைத் திரும்ப எடுக்க
ரொம்ப நேரமாயிற்று அவளுக்கு.

ஒன்று மட்டும் வந்தது.
அதே மூன்று கால் நாய், ஏழாவது வாரம்.
வயிறு நிறைந்திருந்தது. ரோமமெல்லாம் வெள்ளைப் பொடி.
விரலில் தொட்டு நக்கினேன்.
உப்பு.
மேற்குக் கடல் மலைத்தொடருக்கு அந்தப் பக்கம்,
நாலு காலுக்கே தீராத தூரம்.
மைத்தேனிடம் மட்டும் சொன்னேன்.
அவள் சிரிக்கவில்லை.
"அலை எவ்வளவு உயரம்னு கேட்டியா?" என்றாள்.

எசெக்கியேல் ஜனவரியில் போனான்.
ஹெல்மெட் போட்டு ஒரு போட்டோ அனுப்பினான்,
பத்து விரலையும் விரித்துக் காட்டி.
பிறகு மாதம் ஒன்று அனுப்புகிறான்.
நான் எண்ணிக்கொள்கிறேன்.

மைத்தேன் நர்ஸ் படிப்புக்கென்று பஸ் ஏறினாள்.
பாதி வழியில் கல்லருகே இறங்கிவிட்டாள் என்கிறார் டிரைவர்.
அவர் குடிப்பவர்.
நெவுக்கேனில் அவளைப் பார்த்ததாகவும் ஒருவர் சொல்கிறார்.
அவரும் குடிப்பவர்.

நான் பங்கில் இருக்கிறேன்.
படிவம் கல்லாப்பெட்டியில், சில்லறைக்கு அடியில்,
ஒன்றரை வரியும் காலியாக.

இன்று பொழுது சாயும்போது நாய் எழுந்தது,
உதறிக்கொண்டு தண்டவாளத்துக்குப் போனது.
இந்த முறை கிழக்கே பார்த்து உட்கார்ந்திருக்கிறது.
கிழக்கே பங்க்.
பங்கில், குழாயைக் கையில் பிடித்தபடி, நான்.